ஊரில் யாருக்கும் இல்லாத சட்டை

மதுரை மாநகரின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் எதை விட்டாலும் இந்தச் சேதியை விட்டுவிடக் கூடாது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நல்ல நேரத்தில், கே.கே. நகர்வாசியும் காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் பிரிவுத் தலைவருமான திருவாளர் ராமதாஸ், இனிமேல் தமக்கென்று சொந்தமாக ஓர் உடைப் பாணி உண்டு என்று தம் வீட்டுக் கூடத்தில் நின்று பிரகடனம் செய்தார்.

பிரகடனத்தைக் கேட்ட பொதுமக்கள் இரண்டு பேர். மகன் சாய்பிரசாத் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி ஹம்சவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போவதென்றால் திரும்பும்போது அப்படியே ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னாள்.

வினை அதற்கு முந்தின வாரம் தொடங்கியிருந்தது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று அலுவலகத்தாரை ஓர் ஓட்டலில் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் கோட்டும் டையுமாக இருந்தார். மதுரை வெயிலில் ஒருவர் கோட்டுப் போடுகிறார் என்றால் அவரிடம் விஷயம் இருக்கத்தான் வேண்டும் என்று ராமதாஸ் முடிவுகட்டினார். உங்கள் பீரோவைத் திறந்தால் அதில் நீங்கள் தெரிய வேண்டும் என்றார் அவர். ஒரு வருஷமாகப் போடாத துணி உங்களுடையது அல்ல, அன்றாட வேலைக்குப் பொருந்துகிற மாதிரி, நூறு பேர் நடுவிலும் இன்னார் என்று காட்டுகிற மாதிரி நாலைந்து உடுப்பு இருந்தால் போதும் என்றார். அதற்குள் கரண்டு போய்விட்டது. கோட்டைக் கழற்றிவிட்டு, கையேட்டால் விசிறிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ராமதாஸ் பீரோவைத் திறந்தார். நாலு தட்டில் ஹம்சவேணி தெரிந்தாள். ஐந்தாவது தட்டில் போர்வைகள் தெரிந்தன. அடித்தட்டில், அந்துருண்டை வாசனைக்கு நடுவே, மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த சபாரி, யார் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலோ தட்டில் வைத்துக் கொடுத்த சட்டைகள், சாய்பிரசாத் வளர்ந்த பிறகு அப்பாவுக்கு இறங்கி வந்த கரடிப் படம் போட்ட பனியன். அங்கே ராமதாசைக் காணவில்லை. ராமதாசுக்கு மற்றவர்கள் செய்த முறைதான் இருந்தது.

பயிற்சியாளர் சொன்னது இவ்வளவு உறைத்ததற்குப் பழைய காரணமும் ஒன்று உண்டு. ராமதாஸ் பிறந்த சௌராஷ்டிரக் குடும்பத்தில் அண்ணன் தம்பி நாலு பேர். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் சேர்த்தால் ஒரு பட்டாளம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் அப்பா ஒரே துணியை முழுச் சுருளாக வாங்கி வந்து நடுவீட்டில் வைப்பார். வைத்தால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தையற்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஆளுக்கொரு சட்டை போக மிஞ்சியதில் தலையணை உறை. அப்படிப் பச்சைக் கட்டம் போட்ட ஒரு வருஷத்தில், அண்ணன் துளசிராம் பள்ளிக்கூட மணியைக் கல்லால் அடித்ததற்கு வாத்தியார் ராமதாசின் காதைத் திருகினார். அவர் பார்த்தது சட்டையைத்தானே.

அந்த வருஷத்துத் தீபாவளிப் போட்டோ இன்றும் அண்ணன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் ராமதாஸ் இரண்டாவது ஆள் என்பார் அண்ணன். மூன்றாவது என்று மதினி ரங்கநாயகி அடித்துச் சொல்வார், அந்தப் போட்டோ எடுத்தபோது அவர் அந்த வீட்டுக்கு வந்திருக்கவே இல்லை என்றாலும். ராமதாசுக்கே தெரியாது. நாற்பத்தேழு வயதில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஊரில் வேறு யார் உடம்பிலும் இல்லாத ஒரு சட்டை.

ஜவுளிக்கடையில் அது கிடைத்தது. புறாக் கழுத்துச் சாம்பல் நிறம். கிட்டத்தில் வந்தால் மட்டும் தெரிகிற செங்கல் நிறக் கோடு. தூரத்தில் அமைதி, அருகில் ஆழம், தம்மைப் போலவே என்று ராமதாஸ் நினைத்துக்கொண்டார். ஐந்து சட்டைக்குத் துணி கிழிக்கச் சொல்லும்போதுதான், சுருளில் மிச்சம் இருக்கப்போகும் துணி எங்கே போகும் என்ற சந்தேகம் தலைகாட்டியது. வேறு யாராவது இதை எடுத்திருக்கிறார்களா என்று கடைப் பையன்களில் மூத்தவனான பால்பாண்டியைக் கேட்டார்.

"இன்னிக்குத்தான் சார் பிரிச்சோம். நீங்கதான் முதல் போணி. நல்ல சரக்கு, மிச்சம் ரெண்டு நாள்ல பறந்துரும்."

அந்தச் சுருள் பறந்துபோய் ஊரெல்லாம் உட்காருவதை ராமதாஸ் மனக்கண்ணில் பார்த்தார். மீன் கடையில் ஒரு ராமதாஸ், பெரியார் பஸ் நிலையத்தில் ஒரு ராமதாஸ், சோழவந்தானில் வெற்றிலைக் கூடை தூக்கிக்கொண்டு ஒரு ராமதாஸ். முழுசையும் கட்டு என்றார்.

பால்பாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "யூனிபார்மா சார்? எந்த ஸ்கூலு?"

ராமதாஸ் அதற்குப் பதில் சொல்லித் தம்மைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் வாங்கியிருந்த தீபாவளி முன்பணம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. அப்படியும் மனம் அடங்காமல், பின்கட்டில் இன்னொரு சுருள் பதுக்கியிருப்பார்களோ என்று திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் சுருளைக் கிடத்தி அழைத்து வந்தார். தீபாவளிக்கு எங்களுக்கு என்ன என்று ஹம்சவேணி கேட்டாள். பொறு என்றார். தேங்காயை மறந்திருந்தார்.

அடுத்த சந்தேகம் தையற்காரர் மேல். கீழவாசல் பக்கம் கடை வைத்திருந்த முகைதீன் பிச்சை பாய்தான் இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்குத் தைக்கிறவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கடையில் காத்திருப்போர் உட்காரும் பெஞ்சின் மேல் ஒரு மெத்தை உண்டு. ஒட்டுத் துணியாகவே தைத்தது. ஊரில் பாதிப் பேருடைய சட்டை அதில் இருந்தது. ராமதாஸ் தம் கல்யாணத்துக்குத் தைத்த காப்பி நிறப் பேண்ட் ஒரு மூலையில் இருந்தது. இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

ஆகையால் சுருளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஐந்து சட்டைக்கு மட்டும் துணியை அளந்து கிழித்து எடுத்துக்கொண்டு, சாட்சிக்கு ஹம்சவேணியையும் கூட்டிப்போனார். பாய் வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டதும் ராமதாஸ் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த நிலையிலேயே, வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், இந்த ஆள் கால் மீட்டராவது சுருட்டாமல் விட மாட்டான், கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று ஹம்சவேணியிடம் சொன்னார். ஒருவருக்கு முன்னால் நின்றுகொண்டே அவரைப் பற்றிப் பேசலாம் என்பது தாய்மொழி தமக்குக் கொடுத்திருக்கிற தனிச் சலுகை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவளும் அதே பேச்சில், முதலில் வயிற்றை விடுங்கள், இல்லாவிட்டால் சட்டை வந்த பிறகு பொத்தான் போட முடியாது என்றாள்.

பாய் நாடாவைப் பார்த்தபடியே, "மூச்ச விட்டுருங்க சார்" என்றார்.

தற்செயல் என்று ராமதாஸ் எடுத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் சொற்படி அடித்தட்டும் காலியானது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற மலையம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். சபாரியை வெயிலில் தூக்கிப் பிடித்து, இதற்கு ஒரு டம்ளர்கூட வராது என்று தீர்ப்புச் சொன்னாள். கரடிப் பனியனை எடுத்துக்கொள்ளவே மறுத்தாள். அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு, ராமதாசின் இருபத்தைந்து வருஷத்து உடை வாழ்க்கை ஓர் இட்லிக் குண்டானாக மாறியது. மூடி கிடையாது. மூடி வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் துணி போடச் சொன்னாள்.

ஹம்சவேணியின் பார்வை பீரோவின் மேல் படுத்திருந்த சுருள் பக்கம் போய்த் திரும்பியது. அது போன வேகத்தையும் திரும்பிய வேகத்தையும் ராமதாஸ் கவனித்தார். சோபா உறைக்கு நல்ல துணி என்று போன வாரம் அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதன் பிறகு அலுவலகத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை. குண்டானுக்கு மூடி வந்துவிட்டதா என்று தினமும் சாயங்காலம் சமையலறையில் போய்ப் பார்த்தார்.

ஊரில் சந்தேகப்படாமல் நம்பக்கூடிய இடம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. புரட்டாசி பிறந்த மறுநாள், சுருளைப் போர்வையில் சுற்றி, பழைய வீட்டில் இருக்கும் அண்ணன் துளசிராமிடம் கொண்டுபோனார். நடுவீட்டில் இறக்கிவைத்தார். விவரம் சொன்னால் சேதி பரவும், சேதி பரவினால் ஆசை பரவும் என்பதால் விவரம் சொல்லவில்லை.

"அண்ணே, இது இங்கன இருக்கட்டும். இப்ப யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

துளசிராம் போர்வையை விலக்கிப் பார்த்தார். துணியைத் தடவினார். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வாய்விட்டுச் சொல்லணுமாடா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று ராமதாஸ் நினைத்தார். மதினி, துணி எம்புட்டு இருக்கும் தம்பி என்று கேட்டார். அந்தக் கேள்வி ராமதாசுக்குப் பிடிக்கவில்லை. போதுமான அளவு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மதினிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்து சட்டையும் வந்தன. பீரோவில் இப்போது ராமதாஸ் தெரிந்தார், ஐந்து பேராக. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஒரு கொள்கையோடு ஸ்கூட்டரில் அலுவலகம் போனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தார்கள். பாணி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் அலுவலக உதவியாளர் காளை டீ கிளாசை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"ஏதும் வேண்டுதலா சார்? ஒரே சட்டையா போடுறீங்களே. எங்க மாமா இப்படித்தான் மகளுக்குக் கல்யாணம் முடியற வரைக்கும் ஒரே சட்டைன்னு நேந்துக்கிட்டாரு. வீட்ல ஒருத்தரும் கிட்ட போக முடியல."

ஐந்து சட்டை உண்டு என்று ராமதாஸ் விளக்கினார். காளை தலையாட்டினான். நேர்த்திக்கடனை வெளியே சொல்லக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சட்டையில் வயிற்றுக்கு நேரான பொத்தான் தெறித்துவிட்டது. அதைத் தைத்து வாங்கப் பாயிடம் போனார். கடைப் படியில் கால் வைக்கும்போதே மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கை தொங்குவதைப் பார்த்தார். சட்டைக் கை. புறாக் கழுத்துச் சாம்பல், செங்கல் கோடு. அடுத்த நொடி பாய் அதை இழுத்து மெஷினுக்கு அடியில் போட்டு, மேலே ஒரு பாவாடையைப் போட்டு மூடினார். பொத்தானைத் தைத்துக் கொடுக்கும்போது மழை வருமா என்று விசாரித்தார். முகத்துக்கு நேரே பார்க்கவில்லை.

ராமதாஸ் மனக்கணக்குப் போட்டார். அளந்து கொடுத்த துணியில் ஒரு முழுக் கை மிஞ்ச வழியே இல்லை. ஆகவே பாய் ஐந்து சட்டையிலும் ஆங்காங்கே திருடி ஒட்டுப் போட்டு ஆறாவது ஒன்றை உருவாக்கிவிட்டார். வீட்டுக்குப் போய் ஐந்தையும் திருப்பிப் போட்டு, எங்கே குறைகிறது என்று இஞ்ச் டேப்பால் அளந்தார். எங்கேயும் குறையவில்லை. கெட்டிக்காரத் திருடன் என்று அதிலிருந்து தெரிந்தது.

பாய் கடைக்கு எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை இருந்தது. அலுவலகம் விட்டதும் அங்கே உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாய் கடையைக் காவல் காத்தார். ஒருநாள் அண்ணன் மகன் வெங்கடேஷ்பாபு உள்ளே போய்க் கையைத் தூக்கி அளவு கொடுத்தான். இன்னொரு நாள் தம்பிகளில் ஒருவர் வந்தார். பிறகு ரங்கநாயகி மதினியே பெரிய பையோடு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் படியேறினார். எல்லாவற்றையும் ராமதாஸ் பார்த்தார். பார்த்து, பாய் தம்மை மட்டுமல்ல, தம் குடும்பம் முழுவதையுமே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். தம் துணியைத் திருடி, அதைத் தம் சொந்தக்காரர்களுக்கே விற்கப் பார்க்கிறார். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவர் பொறுமை தீர்ந்தது. கடைக்குள் புகுந்து, மெஷினுக்கு அடியில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னார். பாய் எழுந்து, கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சுற்றி வைத்தார்.

"அது உங்க வீட்டுத் துணிதான் சார். நான் இல்லேங்கல. தீவாளி வரைக்கும் பொறுத்துக்கங்க. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

யாருக்கு வாக்கு, என்ன வாக்கு, திருட்டு மாலுக்கு என்ன வாக்கு என்று ராமதாஸ் குரலை உயர்த்தினார். அப்போது பாய் ஒரு வாக்கியம் சொன்னார். இந்த ஆள் கால் மீட்டராவது சுருட்டாமல் விட மாட்டான், கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்காதே. அவர் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஏற்ற இறக்கம்கூடத் தப்பாமல் ராமதாஸ் வீட்டுப் பேச்சிலேயே சொன்னார்.

"நான் பொறந்து வளந்தது உங்காளுக தெருவுல சார். இருவது வருசமா எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

ராமதாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், காப்பி நிறப் பேண்டின் மேல். இருபது வருஷமாக அந்தக் கடையில் என்னென்ன பேசியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. பாயின் தாடியைப் பற்றி. பாய் மகளின் கல்யாணப் பிரியாணியைப் பற்றி. ஒரு தடவை, அலுவலக மேலாளரைப் பற்றி. அந்த மேலாளரும் இங்கேதான் தைக்கிறார். இவ்வளவும் வந்த வேகத்தில், உங்க வீட்டுத் துணி என்று பாய் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க இடமில்லாமல் போயிற்று. வாரேன் பாய் என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். ஸ்கூட்டரை மறந்துவிட்டு, பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தார்.

தீபாவளியன்று விடிந்ததும், வழக்கப்படி எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடி எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். துளசிராம் பூஜை அறையிலிருந்து தாம்பாளத்தைத் தூக்கி வந்தார். தனியாகத் தூக்க முடியாமல் வெங்கடேஷ்பாபு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். ஓரத்தில் மஞ்சள் தடவிய சட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் புறாக் கழுத்துச் சாம்பல். எல்லாவற்றிலும் செங்கல் கோடு.

அண்ணனுக்கு ஒன்று. தம்பிகளுக்கு ஒன்று. அண்ணன் மகன்களுக்கும் தம்பி மகன்களுக்கும் சாய்பிரசாத்துக்கும் ஒவ்வொன்று. அண்ணன் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒன்று. அண்ணனின் மகள் ரம்யாஸ்ரீக்கு அதிலேயே சுடிதார். மிஞ்சியதில் தலையணை உறை தைக்கிற வழக்கத்தைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி, மதினி டி.வி.க்கு உறை தைத்திருந்தார்.

துளசிராம் பேச எழுந்தார். அந்த வீட்டில் அவர் பேசுவது அபூர்வம். "அப்பா போனதுக்கு அப்புறம் இந்த நடுவீட்டுக்கு முழுச் சுருள் வரல. நம்ம யாருக்கும் தோணல. ராமதாசுக்குத் தோணிச்சு. ஒரு வார்த்த பேசாம, அப்பா மாதிரியே கொண்டாந்து வச்சுட்டுப் போனான்." அதற்கு மேல் முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பிகள் ராமதாசின் தோளைத் தட்டினார்கள். துணியின் தேர்வு பிரமாதம் என்றார் மாப்பிள்ளை. பாயிடம் சொல்லிச் சேதி கசியாமல் பார்த்துக்கொள்ளத் தாம் பட்ட பாட்டை மதினி விவரித்தார். ராமதாஸ் தம்பி வேறு தினமும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டாராம். அவ்வளவு அக்கறை.

எல்லாரும் ராமதாசைப் பார்த்தார்கள். இந்தத் துணி என் பாணி, என் ஒருவனுக்காக வாங்கியது, கழற்றுங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு கணம் கிடைத்தது. வாயையும் திறந்தார். அண்ணன் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அளவு சரியா இருக்கா?" என்றார் ராமதாஸ்.

சரியாக இருந்தது. பாயின் வேலையில் குறை சொல்ல முடியாது என்பதை முன்பே சொன்னோம்.

வெங்கடேஷ்பாபு கேமராவைக் கொண்டுவந்து, எல்லாரையும் நிறுத்திவிட்டு, பொத்தானை அமுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். ராமதாஸ் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். ஹம்சவேணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு மாதத்தில் நடந்தது அத்தனையும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். திரும்பாமலே, வீட்டுப் பேச்சில், மூச்சை விட்டுவிடுங்கள் என்றாள்.

அந்தப் போட்டோ இப்போது பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பின்வரிசையில் இடமிருந்து நாலாவது ராமதாஸ், ஐந்தாவது டி.வி.